மூட்டைக்கு ஒரு பெர்மிட்: இந்தியாவின் சிமெண்ட் கட்டுப்பாடு உருவானதும் உடைந்ததும்

எண்ணூறு சதுர அடி வீட்டுக்கு, சதுர அடிக்கு 0.4 மூட்டை என்று கொத்தனார்கள் போடும் தோராயக் கணக்கில், 320 மூட்டை சிமெண்ட் ஆகும். ஐம்பது கிலோ மூட்டை, ஆக 16 டன். இதை ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. அஸ்திவாரத்துக்குக் கொஞ்சம், சுவருக்குக் கொஞ்சம், பூச்சுக்குக் கொஞ்சம் என்று மாதக்கணக்கில் வாங்கிக்கொள்ளலாம். தளம் போடும் நாள் மட்டும் அப்படி இல்லை. ஐந்து அங்குலக் கனத்தில் 800 சதுர அடிக்குக் கான்கிரீட் சுமார் 9.4 கன மீட்டர். 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையில் கன மீட்டருக்கு ஏறக்குறைய ஆறரை மூட்டை. அதுவே அறுபதைத் தாண்டும். பீம், சன்ஷேடு சேர்த்தால் எழுபதைத் தொடும். காலையில் ஆரம்பித்த தளத்தை அன்றே முடித்தாக வேண்டும். பாதியில் நிறுத்தி நாலு நாள் கழித்துத் தொடர்ந்தால் பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒட்டாது. அந்த இணைப்பில் முதல் மழைக்கே ஒழுகும்.

1970களில் அரசு விலைக்குச் சிமெண்ட் வாங்க, இத்தனை மூட்டை என்று அரசு எழுதித் தரும் பெர்மிட் வேண்டும். அப்போது 70 மூட்டை வேண்டிய இடத்தில் பெர்மிட்டில் 45 மூட்டை வாங்கியவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். சென்ட்ரிங் பலகைக்கும் முட்டுக் கம்புக்கும் தினவாடகை ஓடிக்கொண்டிருக்கும். கட்டிய கம்பி துருப்பிடிக்கும். கையில் இருக்கும் 45 மூட்டையும் காற்றில் ஈரம் குடித்துக் கட்டி தட்ட ஆரம்பிக்கும். மீதி 25 மூட்டையை அவர் பிளாக்கில், அதாவது கள்ளச் சந்தையில், வாங்கினார், கேட்ட விலைக்கு. அந்த 25 மூட்டையின் விலைதான் அன்றைய சிமெண்டின் உண்மையான விலை. அரசாணையில் அச்சான விலை, வரிசையின் முன்னால் நின்றவர்களுக்கு மட்டும் கிடைத்த விலை.

தடையற்ற சந்தையைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மூரில் உடனே எழும் கேள்வி, "அரசு விலையைப் பிடித்து வைக்காவிட்டால் ஏழை என்ன செய்வான்?" என்பதுதான். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேட சிமெண்டைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். கட்டுப்பாடு ஏறக்குறைய நாற்பதாண்டு நீடித்தது, இடையில் ஒருமுறை அரைகுறையாக விலகித் திரும்பி வந்தது, கடைசியில் கட்டம் கட்டமாக நீக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடந்தது என்பது உற்பத்தி எண்களிலேயே தெரிகிறது.

கட்டுப்பாட்டின் உறுப்புகள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய கட்டுப்பாடு, போர் முடிந்தும் முடியவில்லை. 1956-ல் விநியோகம் அரசு வணிகக் கழகத்தின் கைக்குப் போனது. அதோடு நாடு முழுவதும் ஒரே விலை என்ற ஏற்பாடும் வந்தது. பின்னாளில் 1951-ம் ஆண்டுத் தொழில் வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பிறப்பித்த 1967-ம் ஆண்டு சிமெண்ட் கட்டுப்பாட்டு ஆணைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஆனது.

விலை என்பது இதன் ஒரு உறுப்பு மட்டுமே. ஆலை தொடங்கவும் விரிவாக்கவும் லைசென்ஸ் வேண்டும். தயாரித்த சிமெண்டுக்கு ஆலைக்குக் கிடைப்பது அரசு நிர்ணயித்த தக்கவைப்பு விலை. வாங்குபவர் கொடுப்பது, ரயில் நிலையம் வரை கொண்டுவந்து சேர்க்கும் சீரான விலை. இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசமும் சரக்குக் கட்டணமும் ஒரு பொதுக் கணக்கில் போய்ச் சமன் செய்யப்படும். யாருக்கு எத்தனை டன் என்பது கோட்டா. முதலில் மத்திய அரசுத் துறைகளும் பாசனத் திட்டங்களும், பிறகு மாநிலங்களுக்கு காலாண்டு ஒதுக்கீடு, அதற்குள் மாநிலத் துறைகள், அதற்கும் கீழே மாவட்டம், தாலுகா. வீடு கட்டுபவர் இந்த ஏணியின் கடைசிப் படி. ஏழைக்காக விலையைப் பிடித்து வைத்தோம் என்று சொன்ன ஏற்பாட்டில் ஏழை நின்ற இடம் அதுதான்.

ஒரே விலை என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். திருநெல்வேலிக்காரரும் கொல்கத்தாக்காரரும் ஒரே விலை கொடுத்தால் என்ன தவறு? தவறு ரயிலில் இருக்கிறது. ஒரு டன் சிமெண்டுக்குச் சுமார் ஒன்றரை டன் சுண்ணாம்புக் கல் வேண்டும் என்பதால் ஆலை கல் இருக்கும் இடத்தில்தான் அமையும்: தாழையூத்து, டால்மியாபுரம், மதுக்கரை, அரியலூர். தாழையூத்து ஆலையின் புகை தெரியும் தூரத்தில் வீடு கட்டுபவரும், ஆயிரம் மைல் தள்ளிக் கட்டுபவரும் ஒரே விலை கொடுத்தால், பக்கத்து ஆலையிலிருந்து வாங்க யாருக்கும் காரணம் இல்லை. எந்த ஆலையின் சரக்கு எந்த ஊருக்கு என்பதை அதிகாரிதான் எழுதித் தீர்க்க வேண்டும். தூரம் கூடினால் வேகன் கூடுதல் நாள் மாட்டிக்கொள்ளும். வேகன் இல்லையென்றால் ஆலைக்கு நிலக்கரி வராது. நிலக்கரி வராததால் உற்பத்தி குறைந்ததை அறிக்கையில் "உள்கட்டமைப்புக் குறைபாடு" என்று எழுதினார்கள். பொய்யில்லை. ஆனால் அந்தக் குறைபாட்டில் ஒரு பங்கு விலைக் கொள்கையிலிருந்தே வந்தது.

சூளைக்குள் நடந்தது

பொருளாதாரப் புத்தகங்கள் தட்டுப்பாட்டைத் தேவை, வரத்து என்று இரண்டு கோடு போட்டு விளக்கிவிட்டுப் போய்விடும். இந்த விவகாரத்தில் அந்தக் கோடுகளைவிடச் சூளையைப் பார்ப்பது உபயோகம்.

சிமெண்ட் தயாரிப்பில் இரண்டு வழி உண்டு. ஈரமுறையில் சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் தண்ணீர் சேர்த்துக் குழம்பாக அரைத்துச் சூளைக்குள் விடுவார்கள். கலவை சீராக அமையும், ஆனால் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே எரிபொருள் கரையும். ஒரு கிலோ கிளிங்கருக்கு (சூளையிலிருந்து வரும், அரைத்தால் சிமெண்ட் ஆகும் கட்டி) 1,300 கிலோ கலோரிக்கு மேல் பிடிக்கும். உலர்முறையில் பொடியாகவே அரைத்து, சூளையிலிருந்து வெளியேறும் சூடான வாயுவிலேயே முன்சூடேற்றி, சூளைக்கு வெளியிலேயே பெருமளவு சுண்ணாம்பாக்கிவிட்டு உள்ளே அனுப்பினால் 750 முதல் 850 கிலோ கலோரியில் வேலை முடியும். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம்.

1970களில் எண்ணெய் விலை ஏறியதும் ஜப்பானும் ஐரோப்பாவும் உலர்முறைக்கு ஓடின. இந்தியாவில் பாதிக்கு மேற்பட்ட திறன் 1980களின் தொடக்கத்திலும் ஈரமுறையிலேயே கிடந்தது. பொறியாளர்களுக்குத் தெரியாமலில்லை. தக்கவைப்பு விலை ஆலையின் செலவை வைத்து நிர்ணயிக்கப்பட்டது. நிலக்கரிச் செலவு அதிகமானால் விலையும் அதற்கேற்பத் திருத்தப்படும், தாமதமாக. செலவைக் குறைத்தால் அடுத்த நிர்ணயத்தில் விலையையும் குறைப்பார்கள். 1979-ல் இதை இன்னும் வெளிப்படையாக்கினார்கள்: குறைந்த செலவு, நடுத்தரச் செலவு, அதிகச் செலவு என்று ஆலைகளை மூன்றாகப் பிரித்து, அதிகச் செலவில் தயாரித்த ஆலைக்கு அதிக விலை. பரீட்சையில் குறைவாக மதிப்பெண் வாங்கியவனுக்குக் கருணை மதிப்பெண் போட்டு எல்லோரையும் சமமாக்குவது போன்ற வேலை. இதில் யார் கோடிக்கணக்கில் கடன் வாங்கிப் புதுச் சூளை போடுவார்?

1970-71-ல் 1.43 கோடி டன்னாக இருந்த உற்பத்தி 1980-81-ல் 1.86 கோடி டன். பத்தாண்டில் முப்பது சதவீதம். இதற்குள் நாடு சிமெண்டை இறக்குமதி செய்ய ஆரம்பித்திருந்தது, கல்லும் கரியும் ஆளும் எல்லாம் வைத்துக்கொண்டு.

இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தைக் கழித்துவிடலாம். கட்டுப்பாட்டால் ஆலை முதலாளிகள் எல்லோரும் வதைபட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். விலை போதவில்லை என்று புலம்பியவர்களில் பலருக்கு லைசென்ஸ் முறை வசதியாகவே இருந்தது. புதிய போட்டியாளர் டெல்லியில் அனுமதி வாங்காமல் உள்ளே நுழைய முடியாது. தயாரித்ததெல்லாம் விற்கும். தரம் குறைந்தால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போக முடியாது, ஏனெனில் அவருடைய பெர்மிட்டில் கடை பெயரும் இருக்கும். சந்தையை ஆதரிப்பது முதலாளியை ஆதரிப்பது ஆகாது. பல நேரங்களில் இரண்டும் எதிரெதிர்.

1966: பாதி விடுதலை

"கட்டுப்பாட்டை நீக்கிப் பார்த்தார்கள், சரிப்படவில்லை" என்று 1966-ஐக் காட்டுவார்கள். 1966 ஜனவரி 1 முதல் விலை, விநியோகக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது உண்மை. 1968 ஜனவரி 1-ல் அது திரும்பியதும் உண்மை. ஆனால் நடுவில் இருந்தது சந்தையல்ல. அரசு செய்துவந்த பங்கீட்டை ஆலைகள் சேர்ந்து அமைத்த ஒரு ஒருங்கிணைப்பு அமைப்பு எடுத்துக்கொண்டது. லைசென்ஸ் அப்படியே இருந்தது. புதியவர் யாரும் நுழைய வழியில்லாத இடத்தில், பங்கு பிரிக்கும் கரண்டியை அதிகாரியிடமிருந்து வாங்கி ஆலைச் சங்கத்திடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கதவைப் பூட்டியே வைத்துக்கொண்டு காற்று வரவில்லை என்று ஜன்னலையும் சாத்தினால் எப்படி?

இந்த முறைக்குப் "பெர்மிட் – லைசென்ஸ் – கோட்டா ராஜ்ஜியம்" என்று பெயர் வைத்து, 1959-ல் சுதந்திரா கட்சியைத் தொடங்கியவர் ராஜாஜி. வெறும் மேடைப் பேச்சல்ல அது. 1952-ல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்தபோதே உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கியவர். அவருடைய மற்றக் கொள்கைகளோடு சண்டை போட நிறைய இருக்கிறது, தமிழ்நாட்டில் போட்டும் இருக்கிறோம். இந்த ஒன்றில் அவர் பார்த்தது சரி: பொருளைப் பங்கிடும் அதிகாரம் இருக்கும் இடத்தில் அந்த அதிகாரத்துக்கே ஒரு விலை உருவாகும்.

பெர்மிட் கடந்து வந்த பாதை

நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. எலும்புக்கூடு ஒன்றுதான். அங்கீகரித்த வரைபடத்தோடு விண்ணப்பம். எத்தனை மூட்டை தேவை என்று மதிப்பீடு. கேட்டதில் ஒரு பங்குக்கு ஒப்புதல். பெயர், அளவு, கடை, காலக்கெடு எழுதிய பெர்மிட். கடைக்குச் சரக்கு வந்த தகவல் தெரிந்து, கெடுவுக்குள் பணம் கட்டி எடுப்பது. ஒவ்வொரு கண்ணியிலும் கசிவு.

விண்ணப்பதாரர், கேட்டதில் பாதிதான் கிடைக்கும் என்று தெரிந்து இரண்டு மடங்கு கேட்டார். மதிப்பிடுபவர், இரண்டு மடங்கு கேட்பார்கள் என்று தெரிந்து பாதியை வெட்டினார். உண்மையாகக் கேட்டவர் மாட்டிக்கொண்டார். வேலை தள்ளிப்போனவர் பெர்மிட்டை விட்டுவிடவில்லை, விற்றார். வீடே கட்டாதவரும் பெர்மிட் வாங்கினார். கடைக்காரர் வந்த சரக்கில் ஒரு பகுதியை வரவில்லை என்றார்.

கடைசிக் கசிவுதான் ஆபத்தானது: கலப்படம். வாங்குபவர் திருப்பிக் கொடுக்க முடியாத நிலையில் இருந்தால் மூட்டையைப் பிரித்துச் சாம்பலோ கல்மாவோ சேர்த்துத் தைப்பதில் பயமில்லை. கைவைத்துப் பார்த்தால் நல்ல சிமெண்ட் உள்ளே குளுமையாக இருக்கும், விரலிடையில் மாவுபோல் வழுக்கும், நறநறக்காது. இதெல்லாம் முதல் சந்தேகத்துக்கு மட்டும் உதவும். உறுதிசெய்ய 90 மைக்ரான் சல்லடையில் சலித்து, தங்குவது பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இறுகும் நேரமும் பலமும் சோதிக்க வேண்டும். பெர்மிட்டில் 45 மூட்டை வாங்கியவர் எந்த ஆய்வுக்கூடத்துக்குப் போவார்? போய்த்தான் என்ன, வேறு மூட்டை ஏது?

தட்டுப்பாட்டுக்குக் காரணம் பதுக்கல்காரர்கள் என்ற பேச்சையும் இங்கேயே எடுத்துக்கொள்ளலாம். பதுக்கல் இருந்தது. ஆனால் சிமெண்ட் பதுக்கத் தோதான சரக்கே இல்லை. சாதாரணக் கிடங்கில் மூன்று மாதத்தில் பலத்தில் சுமார் 20 சதவீதம் போய்விடும், ஆறு மாதத்தில் 30, ஓராண்டில் 40. கடலோர ஈரத்தில் இன்னும் சீக்கிரம். விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் வியாபாரி கையில் சரக்கு கல்லாகிவிடும். உண்மையில் அதிகம் சேர்த்து வைத்தவர்கள் உபயோகிப்பவர்களே. அடுத்த காலாண்டில் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில், ஒதுக்கீடு வந்தபோது எடுத்து அடுக்கிய ஒப்பந்ததாரரும் அரசுத் துறையும். சரக்கு ரயில் மாறி வேறு நிலையத்தில் இறங்கி, மழையில் நனைந்து, கோணிச்சாக்கின் வடிவத்திலேயே பாறையான மூட்டைகளுக்கு யார் காரணம்?

பம்பாய், 1982

பங்கீட்டு அதிகாரத்தின் விலை வெளிப்படையாகக் கணக்கில் வந்தது மகாராஷ்டிரத்தில். முதலமைச்சர் ஏ. ஆர். அந்துலே அமைத்த அறக்கட்டளைகளுக்குக் கட்டட நிறுவனங்கள் நன்கொடை கொடுத்தன. அந்த நன்கொடைக்கும் அவற்றுக்குக் கிடைத்த சிமெண்ட் ஒதுக்கீட்டுக்கும் உள்ள தொடர்பு 1981-ல் பத்திரிகையில் வெளிவந்து நீதிமன்றம் போனது. 1982 ஜனவரி 12 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி லெண்டின் அந்தத் தொடர்பு உண்டு என்று தீர்ப்பளித்தார். முதலமைச்சர் பதவி விலகினார். கிரிமினல் வழக்கு பல ஆண்டுகள் உச்ச நீதிமன்றம் வரை இழுபட்டது. அவர் பின்னாளில் மத்திய அமைச்சராகவும் ஆனார்.

தனிமனிதர் ஒழுக்கம் என்று மட்டும் இதைப் படித்தால் பாதி கதை போய்விடும். அரசு விலைக்கும் வெளிவிலைக்கும் மூட்டைக்கு முப்பது ரூபாய் இடைவெளி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், பத்தாயிரம் மூட்டைக்குக் கையெழுத்துப் போடும் பேனாவுக்கு மூன்று லட்சம் மதிப்பு. நேர்மையான ஆள் அந்த மதிப்பை எடுக்காமல் இருக்கலாம். இல்லாமல் செய்ய அவராலும் முடியாது; அது பெர்மிட் வாங்கியவர் பைக்குப் போகும்.

தீர்ப்பு வந்து ஏழு வாரத்துக்குள், 1982 பிப்ரவரி 28 அன்று, பகுதிக் கட்டுப்பாடு நீக்கம் அறிவிக்கப்பட்டது.

லெவியும் வெளிச்சந்தையும்

பழைய ஆலைகள் 66.6 சதவீதத்தை அரசு விலைக்கு லெவியாக, அதாவது கட்டாயப் பங்காக, கொடுத்துவிட்டு மீதியை விரும்பிய விலைக்கு விற்கலாம். புதிய ஆலைகளுக்கும் நலிந்த ஆலைகளுக்கும் லெவி 50 சதவீதம். லெவி விலை 30, வெளிவிலை 60 என்று கணக்குக்காக வைத்தால் பழைய ஆலைக்கு மூட்டைக்குச் சராசரியாக 40 வரும், புதிய ஆலைக்கு 45. புதிதாகப் போடுபவருக்கு அந்த ஐந்து ரூபாய்தான் அழைப்பு. செலவைக் குறைத்தால் மிச்சமும் இனி தன் கைக்கே. உலர்முறைச் சூளைகள் வந்தன. மின்வெட்டுக்குப் பயந்து உட்கார்ந்திருந்த ஆலைகள் சொந்தமாக டீசல் ஜெனரேட்டர் போட்டன. ஒரு டன்னுக்கு நூறு யூனிட்டுக்கு மேல் தின்னும் தொழிலில் அது விலை கூடிய மின்சாரம்தான். ஆனாலும் வெளிச்சந்தை விலையில் கட்டுப்படியானது, லெவி விலையில் ஆகியிருக்காது.

முதலில் விலை கூடியது. இதை மறைப்பவர்களால்தான் சந்தைக்குக் கெட்ட பெயர். பெர்மிட்டில் முழு அளவும் கிடைத்துவந்த சிலருக்கு அது உண்மையான நஷ்டம். பிளாக்கில் வாங்கிவந்தவருக்கு? அவர் முன்பு இருட்டில் கொடுத்ததை இப்போது ரசீதோடு கொடுத்தார், நாள் சொல்லி வாங்கினார். பிறகு புதுத் திறன் வந்து சேர்ந்ததும், 1980களின் நடுப்பகுதிக்குப் பின் சரக்கு மிதமிஞ்சியது. லெவி விலையும் வெளிவிலையும் நெருங்கி வந்தன, லெவி விகிதம் படிப்படியாகக் குறைந்தது. 1989 மார்ச் 1 அன்று விலை, விநியோகக் கட்டுப்பாடு முழுவதும் போனது. 1991-ல் லைசென்ஸும் போனது.

1990-91 உற்பத்தி 4.88 கோடி டன். முந்தைய பத்தாண்டில் முப்பது சதவீதம் வளர்ந்த தொழில், இந்தப் பத்தாண்டில் இரண்டரை மடங்குக்கு மேல். 2000-01-ல் 9.92 கோடி. எல்லாம் விலை நீக்கத்தின் புண்ணியம் என்று சொல்லமாட்டோம். தொழில்நுட்பம் கிடைத்தது, நிதி நிறுவனங்கள் கடன் கொடுத்தன, நிலக்கரி வரத்தும் மேம்பட்டது. ஆனால் ஈரமுறையை விட்டுவிடக் காரணம் கொடுத்தது விலைதான். அந்தத் தொழில்நுட்பம் அதற்கு முன்பும் உலகத்தில் இருந்தது.

கூட்டுச்சதி பற்றி

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இனிமேல்தான். கட்டுப்பாடு போனபின் ஆலைகள் சேர்ந்துகொண்டு விலை வைக்கவில்லையா? 2012 ஜூனில் இந்தியப் போட்டி ஆணையம் 11 சிமெண்ட் நிறுவனங்களுக்குச் சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நடைமுறைக் குறை காரணமாக அந்த உத்தரவு ரத்தாகி, 2016-ல் ஆணையம் மறுபடி விசாரித்து மறுபடி அபராதம் விதித்தது. 2018-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதிசெய்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது.

சிமெண்ட் கூட்டுச்சதிக்கு வாகான பொருள். எல்லா மூட்டையும் ஏறக்குறைய ஒன்று, எடை அதிகம், தூரம் கொண்டுபோனால் லாரி வாடகை விலையைத் தின்னும், அதனால் ஒவ்வொரு வட்டாரத்திலும் போட்டியாளர்கள் சிலர்தான். இதற்கு மருந்து விலை நிர்ணயம் அல்ல. சுரங்க ஏலம் புதியவருக்கும் திறந்திருப்பதும், துறைமுகம் வழி இறக்குமதி தடையின்றி வருவதும், போட்டிச் சட்டம் பல்லோடு இருப்பதும்தான். பூட்டிய தொழிலில் கூட்டுச்சதிக்கு யாரும் ரகசியமாகக் கூட வேண்டியதே இல்லை. 1966-ல் அதற்கு அலுவலகமே இருந்தது.

தமிழ்நாட்டின் அம்மா சிமெண்ட் திட்டத்தையும் இதோடு குழப்பக்கூடாது. 2015 தொடக்கத்தில் மூட்டை 190 ரூபாய்க்கு வந்தது. 1,500 சதுர அடி வரை கட்டுபவருக்கு, அதிகபட்சம் 750 மூட்டை. வெளிவிலை முந்நூறைத் தாண்டியிருந்தது. இரட்டை விலை என்பதால் பழைய நோய்களில் சில இதற்கும் இருந்தன: சான்றிதழ், பதிவு வரிசை, இடைவெளியை விற்றுப் பணமாக்கும் ஆசை. சதுர அடிக்கு அரை மூட்டை என்று அளவு வைத்ததே கொத்தனார் கணக்கைவிடக் கால் பங்கு அதிகம், அந்த உபரி எங்கே போகும் என்று கேட்கலாம். ஆனாலும் ஒரு பெரிய வேறுபாடு. வரிசையில் நிற்கப் பிடிக்காதவரைக் கடைக்குப் போகக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. வெளிவிலையில் கை வைக்காததால் ஆலையும் உற்பத்தியைக் குறைக்கக் காரணமில்லை. உதவி என்பதை அரசு தன் பணத்திலிருந்து செய்வதும், விலைப்பலகையை அழித்து எழுதிச் செய்வதும் ஒன்றல்ல. முதலாவதற்கு எவ்வளவு செலவு என்று பட்ஜெட்டில் கேட்க முடியும்.

இன்றைக்குத் தளம் போடும் வீட்டில் மூட்டை இறங்கும்போது மேஸ்திரி முதலில் பார்ப்பது மேலே அச்சிட்டிருக்கும் வாரத்தையும் ஆண்டையும். மூன்று மாதம் தாண்டியிருந்தால் லாரியிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, வேறு கடைக்கு போன் போடுகிறார். எழுபது மூட்டையும் பதினோரு மணிக்குள் வந்துவிடுகிறது.